கணுக்காலுக்குக் கீழே

பிப்ரவரி 4

சம்பந்தி அம்மாவுக்கு,

மேகத்துக்கு மேலே இருந்து உங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொள்வது.

கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று காகிதத்தைக் கசக்கிவிடாதீர்கள். நான்தான் கிளறினேன். நாலாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னைப் பெரிய கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது. இந்தக் காவல் கோபுரத்துக்குப் போன் எட்டாது. ரேடியோவில் காட்டுத் தீயைத் தவிர வேறு பேச்சு கூடாது. அதனால் வாரம் ஒரு தடவை கீழே ஜீப்பை நிறுத்திவிட்டு, சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருகிற ஜீப்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் நமக்குள் பேச்சு இல்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆல்பத்துக்கும் தெரியும். குடும்பப் படம் எடுக்கும்போது என்னுடைய முறம் மாதிரி வெறுங்காலைப் பார்த்தீர்கள். போட்டோக்காரர் காதில் போய் என்னவோ சொன்னீர்கள். அவர் இரண்டு குடும்பத்தையும் கணுக்காலோடு நறுக்கிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும்கூட அந்தரத்தில் நிற்கிறார்கள். போகட்டும். மேகத்தில் குடியிருக்கிறவனுக்கு மிதப்பது என்ன புதிதா?

விஷயம் வேறே. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கோபுரத்திலிருந்து கீழே சாவடி வரை காட்டுப் பாதையில் நான் ஓடிக் காட்ட வேண்டும். ரேடியோ செத்துப்போன நாளில் தீ என்று சொல்ல ஓடி வருவானா என்று மேலதிகாரி கடிகாரத்தோடு நின்று பார்ப்பார். செருப்போடு ஓடவிட்ட வரைக்கும் நான் குதிரை. போன வருடம் மூடின ஷூ கட்டாயம் என்றார்கள். கொடுத்த ஷூவில் கால் நுழையவில்லை என்றேன், நீளமாக ஒன்று கொடுத்தார்கள். இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி வழுக்கி, கட்டைவிரல் நகம் இரண்டும் கத்திரிக்காய் நிறமாகி, அப்புறம் விடைபெற்றுக்கொண்டு போயின. நான் நொண்டி வந்து சேர்ந்தபோது மேலதிகாரி கடிகாரத்தைப் பையில் போட்டிருந்தார்.

இந்த மே மாதம் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் கோபுரத்தை விட்டு இறக்கிவிடுவார்கள். அப்புறம் உங்கள் வீட்டில்தான் வந்து இருக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், ஓரத்து அறையைக்கூடக் காலி பண்ணிவிட்டாளாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் கூடம். உங்கள் சோபா. எதிரே, தினமும், இந்த இரண்டு கால்.

நீங்களோ ஷூக் கடையில் வேலை பார்க்கிறீர்கள். என்னைத் தவிர்க்க உங்களுக்கு ஒரே வழிதான் இருக்கிறது. காலை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முறக்கால்

*

பிப்ரவரி 13

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படத்தைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

அறையைக் காலி செய்தது என் மருமகள். சுவருக்கு வண்ணம் அடித்தது என் மகன். நான் எதிலும் தலையிடவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் அனுப்பிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஏதாவது தீவோட மேப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். பாதம் என்றேன். அவர் நம்பவில்லை.

உங்களுக்கு நடந்தது புதிதல்ல. அகலம் போதாத காலுக்கு நீளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பக்கவாட்டில் அழுத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் குதிகால் நிற்காது. ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில் நகம் போகும். உங்களுக்கு வேண்டியது முன்பக்கம் விரிந்தும் குதிகால் பக்கம் இறுகியும் இருக்கிற ஷூ.

வரைபடத்தின்படி ஒரு ஜோடி அனுப்புகிறேன். பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மண்ணில் மிதிக்காதீர்கள். முதலில் உள்ளே இருக்கிற மெத்தை அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். காலின் சதை அட்டைக்கு வெளியே வழிந்தால் அது உங்கள் ஷூ இல்லை.

கட்டில் விஷயத்தை உங்களுக்கு எழுதினேன் என்று மருமகளிடம் சொல்ல வேண்டாம்.

*

பிப்ரவரி 25

சம்பந்தி அம்மாவுக்கு,

அட்டைமேல் நின்றேன். இரண்டு சுண்டுவிரலும் வெளியே எட்டிப் பார்க்கின்றன, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தவர்கள் மாதிரி. மனசு கேட்காமல் காலை உள்ளே திணித்தும் பார்த்தேன். ஷூவுக்காகக் காலை வெட்டவா முடியும்? ஜீப்காரரிடம் திருப்பி அனுப்புகிறேன், மண் படவில்லை, சத்தியம்.

மறுநாள் விடிகாலையில் ஒரு கனவு. என் கால்கள் இரண்டும் என்னைக் கட்டிலில் விட்டுவிட்டுத் தாங்களே எழுந்து போகின்றன. ஏணியில் இறங்கி, மேகத்தின்மேல் கால் வைத்து, மெத்தையில் நடக்கிற மாதிரி அமுங்கி அமுங்கி. "எங்கடா போறீங்க?" என்று கத்துகிறேன். வலது கால் திரும்பிப் பார்த்து, "எங்களுக்குப் பொருத்தமா ஒரு ஆளைத் தேடப் போறோம்" என்கிறது. எப்படி இருக்கிறது பாருங்கள். ஷூ பொருந்தவில்லை என்று நான் அழுதால், கால் என்னைப் பொருந்தவில்லை என்கிறது.

விழித்து வெளியே பார்த்தால் நிஜமாகவே கீழே ஒரே மேகம். மலை உச்சிகள் மட்டும் கட்டைவிரல்கள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மலைக்கும் அகலக்கால்தான் போல. அதற்கு யார் ஷூ விற்கிறார்கள்?

*

மார்ச் 5

சம்பந்தி அவர்களுக்கு,

தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். நீங்களே குனிந்து வரைந்திருக்கிறீர்கள்.

குனிந்தால் உடம்பின் பாரம் இடம் மாறிவிடும், பாதம் சுருங்கி ஒரு பக்கம் சாயும். தன் காலைத் தானே சரியாக வரைய யாராலும் முடியாது. வேறொருவர் வரைய வேண்டும், நீங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதுவும் காலையில் அல்ல. காலைப் பாதம் வேறு, மாலைப் பாதம் வேறு. நாளெல்லாம் நடந்து வீங்கிய பிறகுதான் கால் தன் உண்மையான அளவைச் சொல்லும். சாயங்காலம் வாருங்கள் என்றுதான் நான் கடைக்கு வருபவர்களிடமும் சொல்வேன்.

கனவைப் படித்தேன். எனக்கு அப்படியெல்லாம் வருவதில்லை. கடையின் பின்கட்டில் பெட்டிகளை அடுக்கும்போது மட்டும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டிரண்டு பேராகத் தலைமாற்றிப் படுத்துத் தூங்குகிறார்கள் என்று தோன்றும். சத்தமில்லாமல் அடுக்குவேன்.

*

மார்ச் 16

சம்பந்தி அம்மாவுக்கு,

ஜீப்காரரை வரையச் சொன்னேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

"அண்ணே, காலை ஆட்டாதீங்க."

"நீ கிச்சுக்கிச்சு மூட்டாதே."

"பென்சிலைத்தானேண்ணே வச்சேன்!"

"சுண்டுவிரல் பக்கம் மெதுவாப் போ. அது கூச்ச சுபாவம்."

"அண்ணே, இது பாதமா பலாப்பழமா? பேப்பர் முடிஞ்சுபோச்சு, கால் முடியலையே."

நான் சிரித்த சிரிப்பில் விரலெல்லாம் மடங்கிவிட்டது. அவர் வரைந்ததைப் பார்த்தால் கால் மாதிரி இல்லை, யாரோ உதைத்த பந்து மாதிரி இருக்கிறது. அனுப்ப வெட்கமாக இருக்கிறது. இங்கே வேறு ஆள் இல்லை. ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வருகிற கரடி ஒன்றுதான், அதைக் கேட்கலாம் என்றால் அது என்னைவிட முறக்கால்.

வெயில் காலம் முடிகிற வரை நான் கோபுரத்தை விட்டு இறங்கவும் முடியாது. ஷூ இல்லாமல் மே மாதம் வந்துவிடும். உங்களிடம் மறைப்பானேன், பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிற பயம் இல்லை. காலையில் கண் விழித்ததும் நான் எழுகிற முன்னாலேயே என் கண் எழுந்து புகையைத் தேடும். உங்கள் ஓரத்து அறையில் விழித்தாலும் தேடும். பக்கத்து வீட்டுக்காரர் வெந்நீர் போடுகிற புகையைப் பார்த்து நான் தெருவெல்லாம் ஓடினால், பாவம், உங்கள் மானம் என்னாவது?

இவ்வளவு காலமாக இந்த மலையை நான் காவல் காக்கிறேன் என்று நினைத்தேன். என்னைத்தான் அது காத்துக்கொண்டிருக்கிறது போல. சரி, விடுங்கள். சிரிக்கிறவன் ரொம்ப நேரம் வாயை மூடினால் ஈ உட்காரும்.

*

மார்ச் 21

சம்பந்தி அவர்களுக்கு,

அடுத்த ஜீப்பில் நானே வருகிறேன். காலைக் கழுவி வையுங்கள். அன்று பகலெல்லாம் நடந்திருங்கள். நான் வரையும்போது நேராக நில்லுங்கள். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது.

இரண்டாவது உங்களால் முடியாது என்று தெரியும். முதலாவதற்காவது முயற்சி செய்யுங்கள்.

*

மார்ச் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் இறங்கிப் போன பிறகு கோபுரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பாதையைக் கடைக்குப் போட்டுப்போகிற கூர்மூக்குச் செருப்போடு ஏறி வந்தீர்களே, நீங்கள் மனுஷியா? ஜீப்காரர் பின்னால் மூட்டையோடு, "அம்மா வழியில ஒரு தடவைகூட உட்காரலைண்ணே, நான்தான் உட்கார்ந்தேன்" என்கிறார்.

ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து காகிதத்தை என் காலடியில் விரித்தீர்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வரவே இல்லை.

"நேரா நில்லுங்க. என் தலையைப் பார்க்காதீங்க, எதிர்ல பாருங்க."

"எதிர்ல மேகம்தான் இருக்கு."

"அப்ப அதையே பாருங்க."

பார்த்தேன். சாயங்கால வெயிலில் மேகமெல்லாம் பழுத்துப்போய்க் கிடந்தது. பென்சில் என் காலைச் சுற்றி எறும்பு மாதிரி ஊர்ந்து போனது. சுண்டுவிரல் பக்கம் வந்ததும் மெதுவாகப் போனது. அதற்குக் கூச்ச சுபாவம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, மறக்காமல் வைத்திருந்தீர்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கோபுரமே கழன்று மேகத்தில் படகாகப் போகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் நீங்கள் கழற்றிவைத்த செருப்பைத் திரும்ப மாட்டப் போனீர்கள். கால் நுழையவில்லை.

"என்ன சம்பந்தியம்மா, உள்ளே போக மாட்டேங்குதா?"

"நீங்க மேகத்தையே பாருங்க."

நான் பார்க்கவில்லை. கீழே பார்த்தேன். என்னுடையது முறம் என்றால் அங்கே அதன் கூடப்பிறந்த தங்கச்சி உட்கார்ந்திருக்கிறது! விரலெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குற்றம் செய்தவை மாதிரி ஒடுங்கிக்கொண்டு. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"அன்னைக்குப் போட்டோக்காரர்கிட்ட உங்க காலைச் சொல்லலை. செருப்பு வார் அறுந்து என் கால் பிதுங்கிக்கிட்டு நின்னுது. ஷூக் கடைக்காரி கால் இப்படியான்னு நாலு பேர் சிரிப்பாங்க. கணுக்காலுக்குக் கீழே வேண்டாம்னேன். நீங்க அதை உங்க காலுக்கு எடுத்துக்கிட்டீங்க."

அப்போ இத்தனை நாள் நான் யார் மேலே கோபமாக இருந்தேன்? ஆளே இல்லாத வீட்டுத் திண்ணையோடு சண்டை போட்டிருக்கிறேன்.

மிச்சமிருந்த காகிதத்தில் உங்கள் காலை நான் வரைகிறேன் என்றதும் வேண்டாம் என்றீர்கள். அப்புறம் நின்றீர்கள். நேராக நின்றீர்கள். அந்தக் காகிதத்தை மறந்து வைத்துவிட்டுப் போனீர்களா, வேண்டும் என்றே வைத்துவிட்டுப் போனீர்களா? இதோடு அனுப்புகிறேன். எனக்கு எழுத்துதான் கோழிக் கிளறல். கோடு நன்றாக வரும்.

ஜீப்காரரின் பழைய செருப்பில் கீழே இறங்கினீர்களாமே. அவர் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

*

ஏப்ரல் 12

சம்பந்தி அவர்களுக்கு,

ஷூ வருகிறது. இந்த முறை எனக்குச் சந்தேகமில்லை.

முன்பக்கம் பாதத்தின் உருவத்திலேயே விரிந்திருக்கும். நின்றபடி பாருங்கள், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் வந்தால் முட்டாமல் இருக்க அந்த இடம். அடியில் இருக்கிற ரப்பர் முட்கள் ஈர மண்ணைப் பிடிக்கும், பாறையில் மட்டும் அவற்றை நம்பாதீர்கள். லேஸை முதல் துளையில் கோக்காமல் விட்டிருக்கிறேன், முன்பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். மேலே கடைசித் துளை சும்மா இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதில் லேஸை ஒரு வளையமாக்கி, எதிர் முனையை அதற்குள் விட்டு இழுங்கள். குதிகால் அசையாது. ஓடப்போகிற அதே காலுறையோடு பழகுங்கள். முதலில் பக்கத்துச் சரிவு, பிறகு தூரம்.

நிறத்துக்கு மன்னியுங்கள். இந்த அகலத்தில் ஆரஞ்சு மட்டும்தான் இருந்தது.

என் அளவுக்குப் பெண்கள் அலமாரியில் எதுவும் இல்லை. ஆண்கள் அலமாரியில் இருந்தது. இத்தனை வருடம் அந்த அலமாரியைத் துடைத்திருக்கிறேன். "விரலுக்கு இடம் விடுங்க, இடம் விடுங்க" என்று எத்தனையோ பேரின் காலை மடியில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். கடையைச் சாத்திய பிறகு ஒரு நாள் சும்மா போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் விளக்கை அணைக்க வந்தவர், அணைக்காமல் போய்விட்டார்.

வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.

நேற்று எனக்கும் ஒரு கனவு வந்தது. பெட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே ஒருவரும் இல்லை.

*

மே 10

சம்பந்தி அம்மாவுக்கு,

புகையைத் தேடுகிறவன் காலில் நெருப்பைக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்! ஓடுகிறபோது கீழே பார்த்தால் இரண்டு தீப்பொறி முன்னாலும் பின்னாலும் பறக்கிறது. மரத்திலிருந்த குரங்குகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டன.

இன்றைக்குத்தான் ஓடினேன். அதிகாலை மேகம் பாதைமேலேயே படுத்திருந்தது. முன்னால் இருக்கிற மரம் தெரியாது, கால் வைக்கிற வேர் மட்டும் தெரியும். அதுவும் வைத்த பிறகு கரைந்துபோகும். கால் தரையில் பாவாமல் பறந்தான் என்று கதையில் சொல்வார்கள். எனக்குத் தலைகீழ். மூடின ஷூவுக்குள் முதல் தடவையாக என் கால் தரையில் பாவியது. ஐந்து விரலும் உள்ளே பாய் விரித்துக் காலை நீட்டிக்கொண்டே ஓடின. பெரிய இறக்கம் வந்தது. போன வருடம் நகம் போன இடம். உடம்பெல்லாம் சுருங்கிக்கொண்டது. குதிகால் நகரவில்லை. உங்கள் கடைசித் துளை முடிச்சு யாரோ பின்னால் இருந்து கையால் பிடித்திருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் எனக்கு வழி ஞாபகம் இல்லை. ஓடைச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஒரு பறவை என் வேகத்துக்கே கூட வந்தது ஞாபகம் இருக்கிறது. அது நிஜமா என்று தெரியாது.

சாவடியில் காலில் வெந்நீர் கொட்டினவன் மாதிரிப் போய் நின்றேன். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"என்னய்யா, ஷூ போட்டிருக்கியா, அடுப்பு போட்டிருக்கியா?"

"இந்த அகலத்துல இந்தக் கலர்தான் சார்."

"யார் வாங்கிக் குடுத்தது?"

"சம்பந்தி அம்மா."

"உங்களுக்குள்ள பேச்சே இல்லைன்னியே?"

"கால் பேசிக்குது சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோபுரம் எனக்குத்தான். நகம் இரண்டும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

*

மே 19

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் ஜெயித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஓரத்து அறைக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

கட்டிலை எடுத்துவிடலாமா என்று மகன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். மழைக் காலத்தில் காடு நனைந்துவிட்டால் உங்களுக்கு லீவு கொடுப்பார்களாமே, மருமகள் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை தெரியும். நான்தான் அந்தப் பக்கம் போடச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வீடு ஒழித்தபோது ஆல்பம் கையில் கிடைத்தது. பார்க்க நன்றாகத்தான் இல்லை. பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். முதல் மழை பெய்ததும் மூன்று பேரும் கேமராவோடு வருகிறோம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

*

ஜூன் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஜீப்காரரிடம் கொடுக்கப் போவதில்லை. நீங்கள் ஏணிக்கு வந்ததும் கையில் தருவேன். பைனாகுலரை ஒரு கையிலும் பேனாவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுதுவதால் கோழி இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிளறியிருக்கும்.

மழை கழுவிவிட்ட பாதை. மேகம் கிழிந்து கிழிந்து போகிறது. கிழிசலில் முதலில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. தீ என்று நினைத்துக் கை ரேடியோவுக்குப் போய்விட்டது, நல்லவேளை. அப்புறம் இரண்டாவது புள்ளி. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஏறுகிறது. வாங்கினேனா என்று கேட்காதீர்கள் என்றீர்களே. நான் எங்கே கேட்டேன்?

மகளும் மாப்பிள்ளையும் பின்னால் வெகுதூரத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். மாப்பிள்ளை கத்துவது காற்றில் இங்கே வரைக்கும் வருகிறது: "அம்மா, கொஞ்சம் நில்லும்மா!" நீங்கள் நிற்பதாகத் தெரியவில்லை. இப்போது ஓடைப் பாறை. முட்களைப் பாறையில் நம்பாதீர்கள் என்று எனக்குச் சொன்னவர் பாறையைத் தாவாமல் சுற்றி வருகிறார், சபாஷ். இப்போது லேஸைச் சரிசெய்யக் குனிகிறீர்கள். கடைசித் துளைதானே? நிமிர்ந்து மேலே பார்க்கிறீர்கள். நான் தெரிகிறேனா என்று தெரியவில்லை, கையை ஆட்டிவிட்டேன். பேனா கீழே விழுந்து, எடுத்துத் தொடர்கிறேன்.

ஒரு சந்தேகம்தான், அதற்குள் மேகம் உங்களை மூடிவிட்டது, அதனால் சீக்கிரம் கேட்கிறேன். படத்துக்கு ஷூவோடு நிற்பதா, வெறுங்காலோடு நிற்பதா? எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் கழற்றினால் நானும் கழற்றுகிறேன்.

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. ஏணியை இறக்கப் போகிறேன்.